ஓரகத்தியின் பள்ளிக்கூடம்

மற்றவர்கள் எப்போதாவதுதான் பொறாமைப்படுவார்கள். பெரிய டீச்சர் அதை ஓர் உத்தியோகமாகவே பார்த்தாள். காலையில் பல் தேய்க்கும்போது தொடங்கினால் ராத்திரி விளக்கை அணைக்கிறவரைக்கும் ஓய்வு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் இல்லை. சொல்லப்போனால் அன்றைக்குத்தான் வேலை அதிகம், ஏனென்றால் அன்றைக்கு ஓரகத்தி நாள் பூராவும் வீட்டில் இருப்பாள்.

ஓரகத்தி என்பது அவள் கணவருடைய தம்பியின் மனைவி. அண்ணனும் தம்பியும் அப்பா விட்டுப்போன வீட்டின் நடுவே ஒரு சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டார்கள். கொத்தனார் செங்கல்லில் சிக்கனம் பிடித்துவிட்டதால் இந்தப் பக்கம் ஸ்பூன் விழுந்தால் அந்தப் பக்கம் கேட்கும். அந்தப் பக்கம் சிரித்தால் இந்தப் பக்கம் வயிறு எரியும். பின்பக்கக் குழாயும் துணி காயப்போடுகிற கொடியும் மட்டும் இரண்டு வீட்டுக்கும் பொது.

இதோடு நின்றிருந்தால் ஊரில் இருக்கிற நூறு ஓரகத்திகளைப்போல இவர்களும் ஏதோ முறைத்துக்கொண்டு காலத்தைத் தள்ளியிருப்பார்கள். ஆனால் இவர்கள் இருவரும் தலைமை ஆசிரியைகள். அந்த வட்டாரத்துக் கல்விக் கமிட்டிக்குக் கீழே இருந்ததே இரண்டு பள்ளிக்கூடங்கள்தான். மேட்டில் இருந்தது பெரியவளுக்கு, பள்ளத்தில் இருந்தது சின்னவளுக்கு. ஒரே வீடு, ஒரே தொழில், ஒரே கமிட்டி. இதில் பொறாமை வராவிட்டால்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இத்தனைக்கும் சின்னவளை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்ததே பெரியவள்தான். கல்யாணமாகி வந்த புதிதில் கையைப் பிசைந்துகொண்டு நின்ற பெண்ணுக்குப் பாடத்திட்டம் எழுதக் கற்றுக்கொடுத்து, கரும்பலகையில் கோடு வளையாமல் எழுதச் சொல்லிக்கொடுத்து, கமிட்டித் தலைவரிடம் சிபாரிசும் செய்தாள். நமக்கு அடங்கி, நமக்குக் கீழே, ஓர் ஓரமாக இருப்பாள் என்று கணக்குப் போட்டிருந்தாள். அந்தப் பெண் ஓரமாக இருக்கவில்லை. பள்ளத்துப் பள்ளியில் பிள்ளைகள் அவளைக் கண்டால் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். மேட்டுப் பள்ளியில் பெரிய டீச்சரைக் கண்டால் பிள்ளைகள் ஓடினார்கள்தான், ஆனால் எதிர்த்திசையில்.

அதன் பிறகு எல்லாமே உறுத்த ஆரம்பித்தது. பள்ளத்துப் பள்ளியின் கூரை ஒழுகியது. மழை வந்தால் வகுப்பில் வாளி வைப்பார்கள். பெரிய டீச்சர் பள்ளியில் ஓட்டை என்று பேச்சுக்குக்கூட ஒன்று கிடையாது. ஆனாலும் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பிள்ளைகள் போனார்களே தவிர, பள்ளத்திலிருந்து ஒன்றுகூட மேலே ஏறி வரவில்லை. காலையில் அவள் தன் பள்ளி வாசலில் நின்று, தன்னைக் கடந்து சரிவில் இறங்கிப் போகிற சைக்கிள்களைப் பார்ப்பாள். ஒவ்வொரு சைக்கிள் மணியும் அவளுக்குக் காதில் ஊசி குத்துவதுபோல இருக்கும். கமிட்டித் தலைவரின் பேத்தியே பள்ளத்தில்தான் படித்தாள். மாமியார் படுக்கையில் கிடந்தபோது மருந்தும் கஞ்சியும் கொடுத்தது பெரியவள். கடைசியில் அந்த அம்மாள் கண்ணைத் திறந்து, “சின்னவளைக் கூப்பிடு” என்றாள். அதை மட்டும் பெரிய டீச்சர் யாரிடமும் சொன்னதில்லை.

“உன் தங்கச்சி மாதிரி நினைச்சுக்கோயேன்” என்பார் கணவர். அவர் எலக்ட்ரீஷியன். வீட்டில் எரியாத பல்பையும் எரிகிற பெண்டாட்டியையும் ஒரே நிதானத்தோடு பார்க்கிற மனிதர்.

“எனக்குத் தங்கச்சி கிடையாதுங்க. எங்கப்பா என்னோட நிறுத்திக்கிட்டாரு.”

“தெரிஞ்சுதான் நிறுத்தியிருக்காரு” என்று சொல்லிவிட்டு அவர் ஸ்க்ரூ டிரைவரைத் தேடப் போய்விடுவார்.

ஒன்றே ஒன்றில் மட்டும் அவள் தலை நிமிர்ந்து நின்றாள், பரீட்சையில். வருஷா வருஷம் மேட்டுப் பள்ளிதான் முதல். பள்ளத்துப் பள்ளி தட்டுத் தடுமாறி, கரையேறிவிடும், அவ்வளவுதான். பரீட்சை முடிவு வந்த அன்றைக்கு மட்டும் பெரிய டீச்சர் கொடியில் துணி காயப்போடும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துப் பாடுவாள்.

அந்த வருஷம்தான் கமிட்டிக்கு நெருக்கடி வந்தது. மேலிடத்திலிருந்து வருகிற பணம் பிள்ளைகளின் தலைக்கு இவ்வளவு என்று வருவது. ஊரில் இளசுகள் எல்லாம் பிழைப்புத் தேடி டவுனுக்குப் போய்க்கொண்டிருக்க, தலைகள் குறைந்துகொண்டே வந்தன. கமிட்டித் தலைவர் ஓர் இரும்புக்கடைக்காரர். கூட்டமெல்லாம் அவர் கடைக்குப் பின்னால் இருந்த அறையில், பெயின்ட் டப்பாக்களுக்கும் கம்பிச் சுருள்களுக்கும் நடுவில்தான் நடக்கும். ஒருநாள் அவர் இரண்டு டீச்சர்களையும் உட்கார வைத்து விஷயத்தை உடைத்தார்.

“இனிமே ரெண்டு இடத்துலயும் மேல் வகுப்பு நடத்த நமக்குக் கட்டாதும்மா. ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துலதான். எங்க மேல் வகுப்பு இருக்கோ, அந்த டீச்சர்தான் ரெண்டு பள்ளிக்கூடத்துக்கும் பொறுப்பு. இன்னொருத்தங்க சின்னப் பிள்ளைங்களைப் பாத்துக்கிட்டு அவங்களுக்குக் கீழ இருக்க வேண்டியதுதான். பரீட்சை முடியட்டும், முடிவு பண்ணிக்கலாம்.”

கீழ! அந்த ஒரு வார்த்தையில் பெரிய டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தான் கரும்பலகையில் கோடு போடச் சொல்லிக்கொடுத்த பெண்ணிடம், நாளைக்கு லீவு வேண்டும் என்று கேட்டு நிற்பதா? அதைவிட வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்காரலாம். வீட்டிலும் நிம்மதி ஏது? சுவர்தான் இருக்கிறதே.

ஆனாலும் ‘பரீட்சை முடியட்டும்’ என்றாரே, அது போதும் அவளுக்கு. பரீட்சை என்றால் மேட்டுப் பள்ளிதானே!

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். யாரும் தன் பிள்ளைகளுக்கு மார்க்கை வாரி வழங்கிவிடக் கூடாது என்று கமிட்டி ஓர் ஏற்பாடு செய்திருந்தது. இந்தப் பள்ளி விடைத்தாள்களை அந்த டீச்சர் திருத்த வேண்டும், அந்தப் பள்ளித் தாள்களை இந்த டீச்சர். கட்டுகளைக் கமிட்டி ஆபீசில் ஒப்படைத்து, அங்கே முத்திரை வைத்து, பிறகு மாற்றிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. கமிட்டிக் கிளார்க்குக்கு உட்கார்ந்தால் எழுந்திருப்பது கஷ்டம். இரண்டு பேரும் ஒரே வீட்டில்தானே இருக்கிறார்கள் என்று அவர் விதியைச் சுருக்கிக்கொண்டார். டீச்சர்கள் பின்பக்கம் துணிக்கொடிக்கு அடியில் நின்று கட்டுகளை மாற்றிக்கொள்வார்கள். ஈரத் துணி சொட்டினால் கட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வார்கள். அந்த வட்டாரத்தின் கல்வித் தரம் வருஷா வருஷம் தீர்மானமானது அந்தக் கொடிக்கு அடியில்தான்.

“பாத்துப் போடுங்கக்கா” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள் சின்னவள், கட்டைக் கொடுக்கும்போது. எல்லா வருஷமும் சொல்வதுதான்.

“பாத்துத்தான் போடுவேன்” என்றாள் பெரியவள்.

அதன்படியே பார்த்தாள். சமையலறை மேசையில் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, முழங்கையை ஊன்றி உட்கார்ந்து பார்த்தாள். குளம் ஏன் வற்றுகிறது என்ற கேள்விக்கு ஒரு பிள்ளை, ‘வெயில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை மேலே தூக்கிக்கொண்டு போய்விடுகிறது’ என்று எழுதியிருந்தது. வேறு வருஷமாக இருந்தால் மார்க் போட்டிருப்பாள். அவளுக்கே அந்தப் பதில் பிடித்திருந்தது. பிடித்ததுதான் எரிச்சலாக இருந்தது. இப்படியெல்லாம் எழுத அவள் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறாள்? புத்தகத்தில் ‘ஆவியாதல்’ என்றல்லவா இருக்கிறது! சிவப்புப் பேனா ஒரு கோடு இழுத்தது. கணக்கு முழுக்கச் சரியாக வந்து, கடைசியில் லிட்டர் என்று போடாமல் விட்டிருந்தால் அதற்கும் வெட்டு. கையெழுத்து மடிப்பைத் தாண்டிப் போயிருந்தால் அதற்கும்.

பொய்யாக ஒரு மார்க்கும் குறைக்கவில்லை என்று அவள் யார் தலையிலும் அடித்துச் சத்தியம் செய்திருப்பாள். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு நியாயம் இருந்தது. தேடிப்பிடித்த நியாயம், அவ்வளவுதான். நடுவில் கணவர் தண்ணீர் குடிக்க வந்தார். அவள் முகத்தைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

முடிவு வந்தது. மேட்டுப் பள்ளி எப்போதும்போல முதல். பள்ளத்துப் பள்ளியில் பாதிக்குப் பாதி தேறவில்லை. அந்தப் பள்ளி அப்படி விழுந்தது அதுதான் முதல் தடவை.

அன்றைக்குச் சாயங்காலம் பெரிய டீச்சர் துணி எடுக்கப் போனபோது சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறைக் குழாய் திறந்தபடியே இருந்தது. தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அழுகிறாள். அது காதுக்கு இனிமையாகத்தான் இருந்தது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? பிறகு தாராள மனசோடு தன் துணிகளை நகர்த்தி, கொடியில் ஓரகத்திக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டாள். ஜெயித்தவர்களுக்குத்தான் பெருந்தன்மை சுலபமாக வரும்.

கமிட்டிக் கூட்டத்தன்று அவள் இஸ்திரி போட்ட துணி உடுத்தி, நெற்றிப் பக்கம் எட்டிப்பார்த்த நரைமுடியை ஒதுக்கி, முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள். பொறுப்பு ஏற்றதும் என்ன பேச வேண்டும் என்பதைக்கூட வழியிலேயே ஒத்திகை பார்த்துவிட்டாள். ‘என் ஓரகத்தியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்’ என்று ஒரு வரி அதில் உண்டு. சின்னவள் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கண் இன்னும் லேசாக வீங்கியிருந்தது.

தலைவர் வாயெல்லாம் பல்லாக வந்தார். பின்னாலேயே கமிட்டி உறுப்பினர்கள்: ஓய்வுபெற்ற தபால்காரர், தையல்கடை அம்மா, இன்னும் இரண்டு பேர். தலைவர் உட்காராமலேயே ஆரம்பித்தார்.

“நம்ம கமிட்டிக்கு நல்ல காலம் பொறந்திருக்கு. மேல இருந்து புதுசா ஒரு உத்தரவு வந்திருக்கு. கிளார்க், நீயே படி.”

கிளார்க் எழுந்து நின்று படித்தார். அவர் எழுந்திருந்ததே பெரிய செய்திதான். அந்த உத்தரவின் சாரம் இவ்வளவுதான்: எந்தப் பள்ளி பரீட்சையில் பின்தங்கியிருக்கிறதோ, அந்தப் பள்ளியைத் தூக்கிவிட மேலிடம் சிறப்பு நிதி கொடுக்கும். புதுக் கூரை, ஓர் ஆய்வுக்கூடம், சம்பளத்தோடு கூடுதலாக ஓர் ஆசிரியர். பாதிக்குமேல் தேறிய பள்ளிகள் விண்ணப்பிக்கவே வேண்டாம்.

“இத்தனை வருஷமா நாம எவ்ளோ கேட்டிருப்போம்! ஒரு ஆணிகூட வரல” என்றார் தலைவர். “இப்ப பாருங்க, கடவுள் புண்ணியத்துல பள்ளத்துப் பள்ளிக்கூடம் ஃபெயிலாயிருக்கு! இனி கவலையில்ல. பணம் அங்க போகுது, மேல் வகுப்பும் அங்கயே போயிடட்டும். புது ரூமு, புது டீச்சர். வேற என்ன வேணும்?”

பெரிய டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. அறையில் இருந்த பெயின்ட் வாசனை திடீரென்று தலைக்கு ஏறியது. மேசையில் உட்கார்ந்து தான் இழுத்த ஒவ்வொரு சிவப்புக் கோடும் ஓர் ஓடாக மாறி, அந்த ஒழுகுகிற கூரையில் போய் ஒட்டிக்கொள்வது அவளுக்குக் கண்ணில் தெரிந்தது. எழுந்து நின்றுவிட்டாள். என்ன சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. ஒன்று மட்டும் தெரிந்தது. பள்ளத்துப் பள்ளி மோசமான பள்ளி இல்லை என்று இப்போதே நிரூபித்தாக வேண்டும். அதை அவளை விட்டால் யார் செய்வார்கள்?

“தலைவரே, அந்தப் பள்ளிக்கூடத்தைப் பின்தங்கின பள்ளிக்கூடம்னு சொன்னா நாக்கு அழுகிடும்” என்றாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சின்னவள் நாற்காலியில் நிமிர்ந்தாள்.

“நான் சொல்றேன், கேட்டுக்கோங்க. அந்தப் பிள்ளைங்க மாதிரி சொந்தமா யோசிக்கிற பிள்ளைங்க எங்கயும் கிடையாது. குளம் ஏன் வத்துதுன்னா, வெயில் தண்ணியைத் தூக்கிக்கிட்டுப் போகுதுன்னு எழுதுது ஒரு குழந்தை. என் பிள்ளைங்க புத்தகத்துல இருக்கறதை அப்படியே எழுதும். அது அறிவு இல்லீங்க, மனப்பாடம். கூரை ஒழுகுற ரூம்ல உக்காந்துகிட்டு, சிரிச்சுக்கிட்டே படிக்குதுங்க. எதனால? அவளால. இவளை மாதிரி ஒரு டீச்சர் இந்த வட்டாரத்துலயே கிடையாது. என் பள்ளிக்கூடத்தை விட்டுட்டுப் பிள்ளைங்க அங்க ஓடுதுன்னா சும்மாவா ஓடுது? அதைப் போய் மோசம்னு எழுதினா நம்ம கமிட்டிக்குத்தான் அவமானம். அந்தப் பணமே வேண்டாம்னு சொல்லிடுங்க.”

பேசப் பேச அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இதெல்லாம் எங்கிருந்து வருகிறது? இட்டுக்கட்டவே தேவையிருக்கவில்லை. வருஷக்கணக்காக வாசலில் நின்று, சுவரில் காது வைத்து, ஒன்று விடாமல் பொறுக்கிச் சேர்த்து வைத்திருந்தாள். அந்தப் பள்ளியைப்பற்றி அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் உலகத்தில் யாருமில்லை.

தையல்கடை அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தபால்காரர் தொண்டையைச் செருமினார். அப்போது சின்னவள் எழுந்தாள்.

“அக்கா பெரிய மனசு பண்ணிப் பேசுறாங்க. எனக்கு இதுவே போதும். ஆனா அவங்க திருத்தினா திருத்தினதுதான். அக்கா பேனாவுல பொய் வராது. எங்க பிள்ளைங்க இந்த வருஷம் சரியா எழுதல, நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்.”

தலைவர் மோவாயைத் தடவினார். வியாபாரி அல்லவா, எடை போட்டுப் பார்க்காமல் எதையும் விட மாட்டார். “ஒரு சந்தேகம் டீச்சரம்மா. இவ்ளோ நல்லாப் படிக்கிற பிள்ளைங்கன்னா மார்க் ஏன் இப்படி? நீங்கதானே திருத்தினீங்க? மார்க்குல ஏதாவது தப்பு இருக்குன்னா சொல்லுங்க. மேல அனுப்பி மறுபடியும் திருத்தச் சொல்லிடலாம். கட்டு இங்கதான் இருக்கு.”

கதவு திறந்துதான் இருந்தது. ஒரு வார்த்தை, ‘கொஞ்சம் இறுக்கமாகத் திருத்திவிட்டேன்’ என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். மறுபடி திருத்துவார்கள், பள்ளத்துப் பிள்ளைகள் தேறிவிடுவார்கள், பணமும் வராது, மேல் வகுப்பு அவளிடமே இருக்கும். ஆனால் ஏன் இறுக்கமாகத் திருத்தினாய் என்று கேட்பார்களே? குளத்துத் தண்ணீருக்கு ஏன் மார்க் போடவில்லை, அவ்வளவு பிடித்திருந்ததே என்று கேட்பார்களே? பக்கத்தில் நிற்கிறவள் கேட்க மாட்டாள். சும்மா பார்ப்பாள். அந்தப் பார்வையை நினைத்தால்தான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

“மார்க்கு சரிதான்” என்றாள் பெரிய டீச்சர்.

“அப்புறம் என்ன? பிள்ளைங்க கெட்டிக்காரங்க, டீச்சர் கெட்டிக்காரங்க, வசதிதான் இல்ல. அதுக்குத்தானே பணம் வருது!” என்று தலைவர் கையைத் தட்டினார்.

“பொறுப்பையும் சின்ன டீச்சர்கிட்டயே குடுத்துடுங்க. பெரியவங்களே வாய் நிறைய இவ்ளோ சொன்ன பிறகு வேற சாட்சி எதுக்கு?” என்றாள் தையல்கடை அம்மா.

ஒருவரும் மறுக்கவில்லை. ‘பெரிய டீச்சரின் வலுவான பரிந்துரையின் பேரில் ஏகமனதாக’ என்று கிளார்க் தீர்மானத்தில் எழுதிக்கொண்டார். அந்த மனிதர் அதுவரைக்கும் எதையும் அவ்வளவு வேகமாக எழுதியதில்லை.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். கணவர் ஒரு பழைய மிக்ஸியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். நடந்ததை அவள் சொல்லச் சொல்ல, அவர் கையிலிருந்த வயர் அப்படியே நின்றுவிட்டது.

“ஆக, பள்ளிக்கூடத்தைக் கவிழ்த்ததும் நீதான், தூக்கி நிறுத்தினதும் நீதான்.”

“ஏங்க, நானே நொந்து போயிருக்கேன்.”

“உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டா நான் என்ன பண்றது? அன்னைக்குப் பேப்பர் திருத்தும்போது உன் மூஞ்சியைப் பாத்தேன். அப்பவே பேனாவைப் பிடுங்கியிருக்கணும்.” அவர் குரலில் கேலி இருந்தது, கோபமும் கொஞ்சம் இருந்தது. “தேறாம போன பிள்ளைங்க வீட்ல இந்நேரம் என்ன பாடு படுதோ.”

அது அவளுக்கு இதுவரைக்கும் தோன்றவே இல்லை. ஓரகத்தி அழுததைத்தான் கேட்டாளே ஒழிய, வேறு யாரும் அழுதிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கவில்லை. அடுப்பைப் பற்றவைத்து டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

பின்பக்கக் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. சின்னவள் நின்றுகொண்டிருந்தாள். கணவர் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு நழுவிவிட்டார். மின்சாரத்தைத் தவிர எந்த ஆபத்தையும் அவர் நேரில் சந்திப்பதில்லை.

“உள்ள வா” என்றாள் பெரியவள். ‘இனிமேல் உத்தரவு வாங்காமலே வரலாம்’ என்று சொல்ல நாக்கு துடித்தது. மென்று விழுங்கிவிட்டு டீயை ஊற்றிக் கொடுத்தாள்.

சின்னவள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். குடிக்கவில்லை.

“அக்கா, நான் ஒண்ணு சொல்லுவேன். நீங்க என்னைத் தப்பா நினைக்கக் கூடாது.”

“சொல்லு.”

“இத்தனை வருஷமா எனக்கு உங்க மேல பொறாமைக்கா. சாதாரணப் பொறாமை இல்ல. வெந்து செத்தேன்.”

பெரிய டீச்சர் கையிலிருந்த கரண்டி நின்றது. காது இரண்டும் குப்பென்று சூடாகின.

“என் மேலயா?”

“உங்க மேலதான்.”

“எதுக்கு?” கேட்ட வேகத்தில் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

“எதுக்கு இல்லன்னு கேளுங்க. நீங்க வகுப்புக்குள்ள நுழைஞ்சா ஊசி விழுந்தா கேக்கும். நான் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒருத்தனும் உக்கார மாட்டான். என்னைச் சுத்தி ஓடி வர்றாங்களே, அது மரியாதை இல்லக்கா, விளையாட்டு. படிச்சு முடிச்சு வேலைக்குப் போன பிள்ளைங்க ஊருக்கு வந்தா யாரைத் தேடிக்கிட்டு வருதுங்க? உங்களைத்தான். என்கிட்ட படிச்சவன்கூட என் வாசலைத் தாண்டி உங்க வாசல்ல வந்து நிக்கிறான். நான் ஜன்னல் வழியா பாத்துக்கிட்டு நிப்பேன்.”

“அப்புறம்?” என்றாள் பெரிய டீச்சர்.

“உங்க கையெழுத்து. உங்க நடை. நீங்க கமிட்டியில வாயைத் திறந்தா தலைவரே நிமிர்ந்து உக்காருவாரு.”

“அப்புறம்?”

“மாமா சாயங்காலமானா வீட்டுக்கு வந்துடறாரு. எங்க வீட்டுக்காரரு பஸ்ஸை எடுத்துக்கிட்டுப் போனா எப்ப வருவாருன்னு தெரியாது. சுவருக்கு இந்தப் பக்கம் நீங்க ரெண்டு பேரும் சண்டை போடறது கேக்கும். சண்டை போடக்கூட எனக்கு ஆள் இல்லையேன்னு இருக்கும். உங்க பிள்ளைங்க பேப்பரைத் திருத்தும்போது அரை மார்க்காவது குறைக்க எங்கயாவது இடம் கிடைக்காதான்னு பாப்பேன். அவ்ளோ கெட்ட புத்தி எனக்கு. ஒரு வருஷமும் கிடைச்சதில்ல. அப்படிச் சொல்லிக் கொடுத்திருப்பீங்க.”

பெரிய டீச்சருக்கு உடம்பெல்லாம் தித்தித்தது. அந்த மார்க்குகள் யாரும் போட்ட பிச்சை இல்லை, அவள் பிள்ளைகள் வாங்கியவை. ஜன்னலுக்குப் பின்னால் ஒருத்தி நின்று வெந்துகொண்டிருந்திருக்கிறாள். தான் வாசலில் நின்று சைக்கிள்களைப் பார்த்துக் கருகிய காலைகளில், தன்னைப் பார்த்துக் கருகவும் ஓர் ஆள் இருந்திருக்கிறாள். இத்தனை வருஷமும் இது தெரியாமல் போயிற்றே! தெரிந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம்! இன்னும் ஏதாவது சொல்ல மாட்டாளா என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொறுப்பு போனால் போகட்டும். மேல் வகுப்பும் போகட்டும். இவள் இப்படியே பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு, தன்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தால் போதும். இவளுக்குக் கீழேகூட வேலை பார்த்துவிடலாம்.

“என்கிட்ட ஏன் முன்னாடியே சொல்லல?” என்றாள், குரலைக் குழைத்துக்கொண்டு.

“எப்படிக்கா சொல்றது? வெக்கமா இருந்துச்சு. இன்னைக்குத்தான் சொல்ல முடிஞ்சுது.” சின்னவள் ஒரே மடக்கில் டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். முகம் கழுவிவிட்டதுபோலத் தெளிவாக இருந்தது. “இன்னைக்கு நீங்க எழுந்து நின்னு பேசினீங்க பாருங்க, நான் ஃபெயிலாக்கின பிள்ளைங்களுக்காக, எனக்காக. அதோட போயிடுச்சுக்கா. சுத்தமா போயிடுச்சு. வீட்டுக்கு நடந்து வரும்போது தேடிப் பாத்தேன், இல்ல.”

“எது போயிடுச்சு?”

“அந்தப் பொறாமைதான்.”

பெரிய டீச்சர் மெல்லக் கேட்டாள்: “கொஞ்சம்கூட மிச்சமில்லையா?”

“சத்தியமா இல்லக்கா” என்றாள் சின்னவள். அவள் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்திவிட்டு எழுந்து போனாள்.

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சின்னவள் தன் மகளோடு ஏதோ பேசிச் சிரிக்கிற சத்தம். பெரிய டீச்சர் காலி டம்ளருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கமிட்டியில் இழந்ததெல்லாம் ஓர் இழப்பே இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. கூட்டத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தால் அந்தப் பொறாமையாவது மிஞ்சியிருக்கும் என்று நினைத்தபோது முதல்முறையாக அவளுக்குக் கண் கலங்கியது.